எனக்கும் அப்படியேங்க

டீக்கடையில் அவர் என்ன குடிப்பார் என்பது அவருக்கு முன்னால் நிற்கிறவர் வாயில் இருந்தது. முன்னால் நிற்கிறவர் காப்பி கேட்டால் இவருக்கும் காப்பி. டீ என்றால் டீ. அவர் சர்க்கரை வேண்டாம் என்றால் இவரும் சர்க்கரை இல்லாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். கடைக்காரர் "உனக்கு?" என்று கேட்டு முடிக்கும் முன்பே "எனக்கும் அப்படியேங்க" என்று பதில் வந்துவிடும். நாளடைவில் கடைக்காரர் கேட்பதையே விட்டுவிட்டார்.

நாகலூருக்குப் போகிற பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் பதினான்கு வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை ஏற்காட்டிலிருந்து ஜீப்பில் வருவார். மற்ற நாளெல்லாம் டிஸ்பென்சரியில் நான் மட்டும்தான். அதனால் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்தவர்கள் என்னையே டாக்டர் என்றார்கள். சேலத்திலிருந்து மலையேறி வந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. டீக்கடையில் சொன்னேனே, அவருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. காப்பிச் செடிகளைக் கிளை கழித்துக் கவாத்து செய்கிற ஆண்கள் கூட்டத்தில் ஒருவர். அப்போது நானும் அவரை வா, போ என்றுதான் பேசினேன். எழுதும்போது அப்படி வரவில்லை.

காலையில் டிஸ்பென்சரி வாசலில் வரிசை நிற்கும். ஒருநாள் அவருக்கு முன்னால் நின்றவர் தலைவலி என்றார். மாத்திரை கொடுத்தேன். அடுத்து இவர்.

"உனக்கு என்னப்பா?"

"எனக்கும் அப்படியேங்க."

அவருக்கும் இரண்டு மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு பார்த்தால் சிமெண்டுத் தரையில் வாசல்வரைக்கும் ஒற்றைக் காலின் ரத்தச் சுவடு. பின்னாலேயே ஓடிப் போய்ப் பிடித்து உட்காரவைத்தேன். கவாத்துக் கத்தி குதிகாலுக்கு மேலே ஆழமாக இறங்கியிருந்தது. வாழை நாரால் கட்டி வைத்திருந்தார்.

"இதை ஏம்ப்பா சொல்லலை?"

"பின்னால நொம்பப் பேரு நின்னாங்களுங்க. தலவலி, தலவலின்னு மளமளன்னு போயிட்டிருந்துச்சு. நான் போயி நிறுத்தறதுங்களா?"

இந்தக் கதையை நான் பலரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவரிடம் எனக்கு ஒரு பிரியம் வந்ததே அந்தக் குதிகாலுக்குத் தையல் போட்ட நாளில்தான். ஊசி ஏறும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்தால் அவரும் கடித்தார்.

கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வரிசையில் முதலிலும் நிற்கமாட்டார், கடைசியிலும் நிற்கமாட்டார். யாராவது வேடிக்கையாகப் பேசினால் எல்லோரும் சிரித்த பிறகு ஒரு நொடி தாமதித்துச் சிரிப்பார். பொங்கலுக்குச் சட்டை எடுக்க ஏற்காடு போனால், கூட வந்தவர்கள் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்து அதே துணியில் எடுத்துக்கொள்வார். லைன்காரர்கள் இதைக் குறையாக நினைக்கவில்லை. "தங்கமான பையன், ஒரு வம்புக்கும் போவமாட்டான்" என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் தனியாக இருக்கும்போது அவர் வேறு ஆள். நானும் அவரும் மட்டும் நடந்துபோன நாட்களில் கேட்டிருக்கிறேன். எந்தச் சரிவில் ஆரஞ்சு மரங்கள் ஏன் பட்டுப்போகின்றன, எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் சொல்கிற இடத்தில் நிழல்மரத்தை வெட்டினால் கீழே இருக்கிற செடிகளுக்கு என்ன ஆகும், எல்லாம் தெளிவாகச் சொல்வார். அவர் சொன்ன மாதிரியே ஒரு கோடையில் அந்தச் செடிகள் கருகின. "ரைட்டர்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன். "வெட்டறதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்களுங்க" என்றார். மரத்தை வெட்டினவர்களில் அவரும் ஒருவர்.

அவருக்கு வைகாசியில் கல்யாணம் ஆனது. பெண் செம்மநத்தம் பக்கம். கம்பும் சாமையும் விளைகிற சின்னக் காடு வைத்திருந்த வீட்டுப் பெண். அந்தப் பெண்ணிடம் ஒரு 'ஏனுங்க' இருந்தது. நம் பக்கத்தில் ஆளைக் கூப்பிடச் சொல்கிற 'ஏனுங்க' இல்லை, காரணம் கேட்கிற 'ஏனுங்க'. கொட்டுகிற மழையில் பெண்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிடுகிறார்களே, ஏனுங்க? ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்கார வேண்டும் என்றால், ஏனுங்க? லைனில் மற்ற பெண்கள் அவளை ஓர் அதிசயமாகப் பார்த்தார்கள். அவரும் அதிசயமாகத்தான் பார்த்தார். ஆனால் அவர் பார்வையில் சந்தோஷம் இருந்தது.

ஒரு மத்தியானம் யாருக்கோ மருந்து கொடுக்க லைனுக்குப் போனவன் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ஏதோ உருளுகிற சத்தம். கதவு திறந்ததும் அவர் ஒரு சுவரோரமும் அவள் ஒரு சுவரோரமும் நின்றார்கள். நடுவில் ஒரே வட்டில். இரண்டு பேர் பிசைந்த சோறு. அவர் என்னைப் பார்த்து வெட்கப்பட்டார். அவள் வெட்கப்படவில்லை. "கதவு சாத்தியிருந்தா ஒண்ணாத்தானுங்க சாப்பிடுவோம்" என்றாள்.

இரண்டு மாதம். அப்புறம் ஆடி பிறந்தது. புதுப் பெண்ணை அழைத்துப்போக அவள் அண்ணன் வந்தார்.

அது நெருக்கடி நிலை இருந்த காலம். எஸ்டேட்டுக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இத்தனை ஆண்களை அனுப்ப வேண்டும் என்று ஓர் எண்ணிக்கை. மேனேஜர் ரைட்டரிடம் சொன்னார், ரைட்டர் மேஸ்திரியிடம் சொன்னார். இரண்டு பிள்ளையோ அதற்கு மேலோ இருக்கிறவர்கள் களத்துக்கு வந்துவிட வேண்டும் என்று மேஸ்திரி லைனில் சொல்லிவிட்டுப் போனார். வராவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

காப்பி காயப்போடுகிற களத்தில் லாரி நின்றது. காலை எட்டு மணிக்கும் மூடுபனி விலகவில்லை. துணைக்குப் போகும்படி எனக்கு உத்தரவு. கவாத்து ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒருவர் மேலே ஏறி அடுத்தவருக்குக் கை கொடுத்தார், அவர் அடுத்தவருக்கு. கல்யாணமாகி இரண்டே மாதமான அவரும் அந்தக் கையைப் பிடித்து ஏறினார். நான் பார்த்தேன். துணைக்கு வருகிறார் போல என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு கட்டிடத்தில் முகாம். உள்ளே அறையில் டாக்டர்கள். வெளித் தாழ்வாரத்தில் மூன்று மேசை. ஒன்றில் நான், மற்ற இரண்டில் வேறு எஸ்டேட் கம்பவுண்டர்கள். பேர், வயது, பிள்ளைகள் எத்தனை, சம்மதமா என்று கேட்டு எழுதிக் கைநாட்டு வாங்கி உள்ளே அனுப்ப வேண்டும். எனக்குப் பின்னால் ஓர் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். மற்ற மேசைகளில் பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அவருக்கு முன்னால் நின்றவர் லைனில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்.

"எத்தனை பிள்ளை?"

"ரெண்டுங்க. பெரியவனுக்கு அஞ்சு, சின்னதுக்கு மூணு."

"சம்மதமா?"

"சம்மதமுங்க."

அடுத்து அவர் வந்து நின்றார். நான் தலை நிமிர்ந்தேன். கேள்வியை நான் கேட்கவே இல்லை.

"எனக்கும் அப்படியேங்க" என்றார்.

என் பேனா நின்றது. அவர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். அவர் என்னைப் பார்க்கவில்லை. கைநாட்டு வைத்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்த கவாத்து ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருவிழாவில் கூட வந்தவர்களைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்று பார்ப்பது போல.

பின்னாலிருந்து அதிகாரி, "என்னய்யா, நின்னுட்ட?" என்றார். அதட்டக்கூட இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுதினேன். பிள்ளைகள் இரண்டு. மூத்தது ஐந்து வயது, இளையது மூன்று. சம்மதம்.

திரும்பி லாரியில் வந்தோம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி கொடுத்திருந்தார்கள். வளைவுகளில் வாளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பாதி வழியில் மேஸ்திரி பேசினார்.

"இங்க பாருங்கப்பா. இது நம்மளோட இருக்கோணும். ஆரு ஆரு போனாங்க, என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது. வெளிய போச்சுன்னா நாளைக்கு ஒருத்தனும் நம்மள ஆம்பளையின்னு மதிக்கமாட்டான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்தார். "டாக்டருங்களும்தான்."

"சரிங்க" என்றேன்.

எட்டாம் நாள் தையல் பிரிக்க அவர் தனியாக வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"என்னன்னு தெரிஞ்சுதான் ஏறினியா?"

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏம்ப்பா?"

"எல்லாரும் ஏறிட்டாங்களுங்க. நான் ஒருத்தன் மட்டும் களத்துல நிக்கிறதுங்களா?"

பிறகு, நான் கேட்காமலே, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவருடைய ஊரில் ஒரு கொல்லை யாருடையது என்று வழக்கு வந்தது. பெரிய வீட்டுக்காரருடையது என்று சாட்சி சொல்வதாக ஊர் கூடி முடிவு செய்தது. அப்பா மட்டும், அது ஒரு விதவையின் கொல்லை என்று சொன்னார். அன்றிலிருந்து அவர்கள் வீட்டோடு யாரும் பேசவில்லை. அடுப்புக்கு நெருப்பு கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது. இரண்டு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அப்பா இறந்துபோனார்.

"ரெண்டு நாளு ஊட்டுலயே கெடந்தாருங்க. ஒருத்தரும் வரலை. அப்புறம் எங்க மாமன் சேதி கேட்டு வந்தாரு. மாமனும் அம்மாவும் கம்பளியில சுத்தி, மூங்கில்ல கட்டித் தூக்கிட்டுப் போனாங்க. நான் மம்முட்டியத் தூக்கிட்டுப் பின்னால போனேன். எனக்கு எட்டு வயசுங்க. ஒவ்வொரு ஊட்டு வாசல்லயும் ஆளுங்க நின்னு பாத்தாங்க." நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னார். "எங்கப்பன் சொன்னது நெசந்தானுங்க. நெசமுன்னு அவங்க அத்தன பேருக்கும் தெரியும்."

அவர் அப்படி ஆனதற்கு இதுதான் காரணமா, எனக்குத் தெரியாது. இருக்கலாம். எனக்கு அப்படி ஓர் அப்பா இல்லை. என் வீட்டை யாரும் ஒதுக்கி வைத்ததில்லை. நானும் எழுதினேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார். "இதைத் திருப்பிச் செரி பண்ண முடியுமுங்களா?"

"பெரிய ஆஸ்பத்திரியில செய்யறாங்கன்னு கேள்வி. டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

டாக்டர் மாதாமாதம் வந்தார். நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தத் தாளை எழுதினது யார் என்ற கேள்வி வரும்.

ஆடி முடிந்து அவள் திரும்பி வந்தாள். அவர் எதையும் சொல்லவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் போனது. மூன்றாம் வருஷம் அவளே டிஸ்பென்சரிக்கு வந்தாள். வரிசையெல்லாம் போன பிறகு வந்து, "எனக்கு ஏதாச்சும் மருந்து குடுங்க டாக்டருங்க" என்றாள். நான் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். மாதம் தவறாமல் வந்து வாங்கிப் போனாள். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, ஆனாலும் விடவில்லை என்றாள். சித்திரை, வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா வரும்போதெல்லாம் பட்டினி கிடந்து மலையேறினாள். அந்தக் குகைக்குள் குனிந்து போய் நெடுநேரம் வெளியே வரமாட்டாளாம். அவரும் கூடவே போவார். கும்பிடுகிற கூட்டத்தோடு சேர்ந்து கும்பிடுவார். என்ன வேண்டிக்கொள்வார் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு.

லைனில் வளைகாப்பு நடந்தால் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. 'ஏனுங்க' என்று அவள் கேட்பதும் குறைந்துபோனது. ஒரு பெண் தன் கைக்குழந்தையை அவள் தூக்க வந்தபோது முந்தானையால் மூடிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெண்ணின் புருஷனும் அன்று லாரியில் இருந்தவர்.

ஏழாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு லைன் முன்னால் கூட்டம் கூடியது. அவருடைய பெரியப்பா வந்திருந்தார். அவள் அண்ணனும் வந்திருந்தார். என்னையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள்.

"ஏழு வருசம் பாத்தாச்சுங்க. பொறுத்தது போதும். பையனுக்கு வேற பொண்ணு பாக்கோணும்" என்றார் பெரியப்பா.

"கொறை எங்க பொண்ணு மேலதான்னு ஆரு கண்டாங்க?" என்றார் அண்ணன்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "டாக்டரு இருக்காருல்ல, கேட்டுக்குவோம். டாக்டருங்க, அந்தப் புள்ளைக்கு மருந்து குடுத்தீங்களே, கேட்டுச்சுங்களா?"

மேஸ்திரியின் கண்கள் என் மேல் அசையாமல் இருந்தன. அவருக்குப் பின்னால் கவாத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று லாரியில் உட்கார்ந்திருந்த மாதிரியே, தோளோடு தோள் ஒட்டி.

"குடுத்துப் பாத்தேன். பலன் தெரியலை" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த அவள் முன்னால் வந்தாள்.

"ஏனுங்க டாக்டருங்க, எனக்கு மட்டும் மருந்து குடுத்தீங்களே, அவருக்கு ஏன் குடுக்கலீங்க?"

கவாத்து ஆட்களில் ஒருவர் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், தொண்டையைக் கனைத்திருந்தால் போதும் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அந்த ஒருவர் நானாக இருந்திருக்கலாம். மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

கூட்டத்தில் எங்கேயோ ஒருவர், "ஆம்பளைக்கு மருந்தாமில்ல" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாக அவரும் சிரித்தார்.

அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய்த் தாழ்ந்த குரலில், "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எதுவானாலும் செரி, உங்க வார்த்தையா ஒண்ணு சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்" என்றாள்.

அவர் வாய் திறந்தது. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் சொல்றாங்கல்ல" என்றார்.

ஒரு மணி நேரத்தில் அவள் கிளம்பிவிட்டாள். அண்ணன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் டிஸ்பென்சரிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, வரிசை இல்லை, அவர் மட்டும்தான். பெஞ்சில் உட்கார்ந்தார். "என்ன செய்யுதுப்பா?" என்று கேட்டேன். நெஞ்சில் கை வைத்தார், பிறகு வயிற்றில் வைத்தார், பிறகு கையை எடுத்துவிட்டார். அவருக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. என்ன செய்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. இருட்டுகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

மறு வருஷமே வேறு எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண். எதற்கும் ஏன் என்று கேட்காதவள். கல்யாணத்துக்கு முன்னால் அவரைத் தனியாகப் பிடித்து, "இன்னொரு பெண்ணையும் கெடுக்கப் போறியா?" என்று கேட்டேன். "பேசி முடிச்சுட்டாங்களுங்க. பத்துப் பேரு போயி உப்பு மாத்தி நிச்சயம் பண்ணிட்டு வந்துட்டாங்க" என்றார். அந்தப் பத்துப் பேரில் மேஸ்திரியும் இருந்தார். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஒருநாள், மருந்துப் பெட்டி வருவதற்காகக் காத்திருந்தேன். "டாக்டருங்களா?" என்று குரல் கேட்டது. அவள்தான், செம்மநத்தத்துப் பெண். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். காடு வைத்திருக்கிற ஒருவருக்கு அவளை மறுபடி கட்டிக்கொடுத்திருந்தார்கள். குழந்தைக்குச் சளி, ஆஸ்பத்திரிக்கு வந்தேன் என்றாள். நான் குழந்தையின் கன்னத்தைத் தொட்டேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு அப்பவே தெரியுங்களா?" என்றாள்.

எங்களைச் சுற்றி எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதனால்தானோ என்னவோ, என்னால் சொல்ல முடிந்தது. லாரி, முகாம், மேசை, நான் எழுதினது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"லாரியில போன அத்தன பேருக்கும் தெரியுங்களா?"

"தெரியும்."

"பொம்பளைங்களுக்கு?"

"சிலருக்குத் தெரியும். கேட்டா, அவர் துணைக்குப் போனாருன்னு நினைச்சோம்னு சொல்வாங்க."

தலையை ஆட்டிக்கொண்டாள். "அவரு கெட்டவரு இல்லீங்க" என்றாள். "ரெண்டே பேரா இருக்கையில அவரு மாதிரி ஒருத்தரு கெடைக்கமாட்டாங்க. இப்ப இருக்கறவரு நல்லவருதான். ஆனாலும் சொல்றேன்." பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினாள். "அந்தப் புதுப் புள்ளைகிட்டயாச்சும் சொல்லிருங்க. மருந்து குடுத்துராதீங்க. சொல்லிருங்க."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். அந்தப் பெண் டிஸ்பென்சரிக்கு வரும்போதெல்லாம் கூட நாலு பெண்கள் வந்தார்கள். தனியாக வரட்டும் என்று காத்திருந்தேன். அவள் தனியாக வரவே இல்லை. அப்படியே ஒன்றரை வருஷம் போனது. எனக்குச் சேலத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது.

நான் கிளம்பிய அன்று லைனில் இருந்தவர்கள் பஸ் நிற்கிற இடம்வரை வந்தார்கள். யாரோ செவ்வந்தி மாலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு கூடை ஆரஞ்சுப் பழம். மேஸ்திரி கிழவராகிவிட்டார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்க ரகசியம் எல்லாம் உங்க வயித்துல கெடக்குதுங்க. ஒண்ணையும் வெளிய விட்டதில்லை. நீங்க எங்காளு" என்றார். அவர் மனசாரச் சொன்னதுதான். எனக்கும் அவர் கையை விட மனசில்லை. அந்த மலையில் பதினான்கு வருஷத்தில் அதைவிடப் பெரிய வார்த்தை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அவரும் வந்திருந்தார். கூட்டத்தின் நடுவில் நின்றார். காதோரம் நரை தெரிந்தது. பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. பெண்கள் அவர் மனைவியை முன்னால் தள்ளிவிட்டார்கள். "கேளு புள்ள, இப்பக் கேளு. டாக்டரு போயிட்டா அப்பறம் ஆரு இருக்கா?"

அவள் தலை குனிந்தபடி கேட்டாள். "எனக்குக் கொளந்த பொறக்குமுங்களா?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். மேஸ்திரி பார்த்தார், கவாத்து ஆட்கள் பார்த்தார்கள். அவர் மட்டும் என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொறக்கும் சாமி" என்றேன்.

பெண்களுக்கு ஒரே சந்தோஷம். ஒருத்தி அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். யாரோ என் பெட்டியை எடுத்து பஸ்ஸில் ஏற்றினார்கள். நான் ஏறி, அவர்கள் நிற்காத பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன்.